மடை அடைத்த மருந்து

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், அறிவியல் தமிழ் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் வேண்டியது புறத்திணை பற்றிய ஓர் உரை. நான் கேட்டு வாங்கிக்கொண்ட பொருளோ, கல்லீரலில் தோன்றும் புற்றுக்கு அதன் தமனி வழியே மருந்தைச் செலுத்தி, உடனே அத்தமனியை அடைத்துவிடும் மருத்துவம். "கவிஞர் அவையில் ஈரலைப் பற்றி என்ன பேச்சு?" என்று செயலாளர் தொலைபேசியில் நகைத்தார். புறத்திணையை நான் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை என்பதை அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். உழிஞை வரும், சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

ஈரல் நமக்குப் புதிய பொருளன்று. நுரையீரல், மண்ணீரல், கல்லீரல் என மூன்று உறுப்புகளை ஒரே சொல்லால் குறித்து, நுரையும் மண்ணும் கல்லும் முன்னொட்டாகத் தந்து வேறுபடுத்திய மொழி நம்முடையது. தொட்டுப் பார்த்தவன் வைத்த பெயர்கள் இவை. கிராமத்துத் தாய்மார் "ஈரக்குலை நடுங்குது" என்று சொல்லும்போது இன்ன உறுப்பு என்று பிரித்துச் சொல்வதில்லை. ஆயினும் அச்சமும் பாசமும் நெஞ்சுக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே எங்கோ உறைகின்றன என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. மேலைநாட்டார் நெஞ்சைப் பாடிய அளவுக்கு ஈரலைப் பாடவில்லை. எனினும் கிரேக்கத் தொன்மத்தில், தீயைத் திருடி மாந்தர்க்கு ஈந்த பிரமிதியூசைப் பாறையில் பிணித்து, நாள்தோறும் கழுகு வந்து தின்னுமாறு இறைவன் விதித்தது அவனது ஈரலைத்தான். தின்ற ஈரல் இரவில் மீண்டும் வளர்ந்ததாம். ஈரல் வெட்டினாலும் வளரும் உறுப்பு என்பதை இன்றைய அறுவை மருத்துவம் மெய்ப்பித்திருக்கிறது. கதை சொன்னவர்க்கு அது தெரிந்திருந்ததா, தற்செயலா என்னும் ஆராய்ச்சிக்குள் நான் நுழையவில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். உடலின் பெரும்பாலான உறுப்புகளுக்குக் குருதி வந்து சேரும் வழி ஒன்றே, அது தமனி. கல்லீரலுக்கோ வழிகள் இரண்டு. இதயத்தினின்று இறங்கும் பெருந்தமனியில் கிளைத்து வருவது கல்லீரல் தமனி. குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றைச் சுற்றி, உண்ட உணவின் சத்தைச் சுமந்து வருவது வாயிற்சிரை. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குருதி கல்லீரலுக்குள் பாய்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு சிரை வழியே வருவது. ஒரு பங்கே தமனியின் கொடை. ஆனால் தமனிக் குருதியில் உயிர்வளி மிகுதி. ஆதலால் ஈரலுக்கு வேண்டிய உயிர்வளியில் பாதியளவை அந்த ஒரு பங்கே கொணர்ந்து விடுகிறது.

ஈழத்துப் பாடநூல்களில் தமனியை 'நாடி' என்றும் சிரையை 'நாளம்' என்றும் வழங்குகிறார்கள். நாடி பிடித்துப் பார்ப்பது என்னும் நம் வழக்கோடு ஒட்டி வருவதால் அவை எனக்கு உவப்பானவை. இங்குள்ள பாடநூல் வழக்கையே இவ்வுரையில் பின்பற்றுகிறேன். ஒரே உரையில் இருவேறு வழக்குகளைக் கலந்தால் கேட்பவர்தாம் துன்புறுவர்.

இரண்டு வழிகளுள் புற்று எதனைத் தேர்கிறது என்பதே இம்மருத்துவத்தின் வித்து. பிரீடிஸ், யங் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, கல்லீரலில் வளரும் கட்டிகள் பெரிதும் தமனியிடமிருந்தே குருதி பெறுகின்றன என்று காட்டியது. நல்ல ஈரல் திசு வாயிற்சிரையை நம்பி வாழ, அதனுள் முளைத்த புற்றோ தமனியை உறிஞ்சி வளர்கிறது. ஒரே வீட்டில் இருவேறு சமையல் என்று சொல்லலாம். அங்ஙனமாயின் தமனியை மட்டும் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? புற்று பட்டினி கிடக்கும். ஈரல் சிரையின் தயவில் பிழைத்துக்கொள்ளும். அடைப்பதற்கு முன் அதே தமனி வழியே நச்சு மருந்தையும் அனுப்பிவிட்டால்? மருந்து வெளியேற வழியின்றிப் புற்றினுள்ளேயே தங்கும். சிந்தனை இவ்வளவே. இதைச் செய்து பார்க்க மனிதர்க்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

முதலில் குழாய்க்குள் நுழையும் வழி வேண்டுமன்றோ? சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953இல் அதனைக் காட்டினார். ஊசியால் தமனியைத் துளைத்து, ஊசியின் உள்ளே மெல்லிய கம்பியை ஓட்டி, ஊசியை உருவிவிட்டுக் கம்பியின்மேல் நெகிழ்குழாயைச் செலுத்தும் எளிய உத்தி அது. இன்றளவும் உலகெங்கும் ஆஞ்சியோ செய்யும் மருத்துவர் அனைவரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள். இம்முறையைக் கல்லீரல் புற்றுக்குக் கொண்டுவந்தவர் என்று யாவரும் குறிப்பிடுவது ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரியுசாகு யமடாவை. 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய அப்பணியின் பயனாக, அறுவைக்கு இடங்கொடாத புற்றுடைய 120 நோயாளிகளுக்குத் தமனியடைப்புச் செய்த பட்டறிவை அவர் குழுவினர் 1983இல் வெளியிட்டனர். ஜப்பானில் இது பிறந்ததற்குக் காரணம் உண்டு. மஞ்சட்காமாலைக் கிருமிகளால் ஈரல் நைந்து, பிறகு புற்றுக் காண்போர் கிழக்காசியாவில் மிகுதி. தேவை எங்குண்டோ அங்கே வழி தேடப்படுகிறது.

இதில் பயன்படும் பொருள்களின் வரலாறு கவிஞர்களுக்கு உகந்தது என்பதால் அங்கே சிறிது நின்று செல்கிறேன். மருந்தைச் சுமந்து செல்லும் எண்ணெய் 'லிப்பியோடால்' எனப்படும். இதனை 1901இல் பாரிசில் ஆக்கியவர் மார்செல் கெர்பே என்னும் மருந்தியலார். கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்து உருவாக்கியது. ஆம், நம் குருமாவில் அரைத்துவிடும் அதே கசகசாதான்! அயோடின் இருப்பதால் எக்ஸ்கதிர்ப் படத்தில் அது வெண்மையாய்த் துலங்கும். இவ்வெண்ணெயைத் தமனியில் செலுத்தினால், நல்ல ஈரலிலிருந்து அது நாளடைவில் நீங்கிவிடுகிறது. புற்றினுள் மட்டும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் குமமோத்தோ நகரில் கொன்னோவும் மயேதாவும் இதைக் கண்டு, எண்ணெயிலேயே மருந்தைக் கரைத்து அனுப்பினர். எண்ணெய் ஒரே நேரத்தில் ஊர்தியாகவும் விளக்காகவும் ஆயிற்று. மருந்து சென்ற இடத்தைப் படத்தில் பார்த்துக்கொண்டே செலுத்தலாம்.

மருந்தின் கதை இன்னும் நயமானது. பெரிதும் பயன்படுவது டாக்சோருபிசின். இத்தாலியின் தென்கிழக்கே, 13ஆம் நூற்றாண்டில் எழுந்த காஸ்தெல் தெல் மோந்தே என்னும் எண்கோணக் கோட்டை இருக்கிறது. 1950களில் அக்கோட்டைப் பகுதியின் மண்ணை எடுத்து ஆராய்ந்தபோது, செந்நிறப் பொருள் ஒன்றைச் சுரக்கும் நுண்ணுயிர் கிட்டியது. அந்நிலத்தில் பண்டு வாழ்ந்த தௌனி என்னும் குடியின் பெயரையும் மாணிக்கக் கல்லின் பெயரையும் சேர்த்து 'டானோருபிசின்' எனப் பெயரிட்டார்கள். அந்நுண்ணுயிரைத் திரித்துப் பெற்ற அடுத்த மருந்துக்கு, அருகிலுள்ள ஏட்ரியாட்டிக் கடலின் நினைவாக 'ஏட்ரியாமைசின்' என்று பெயர். அதுவே டாக்சோருபிசின். ஒரு பழங்குடி, ஒரு கோட்டை, ஒரு கடல், ஒரு மணி ஆகிய நான்கும் ஒரு மருந்துக் குப்பியில் அடங்கிக் கிடக்கின்றன. மருந்தின் நிறமும் மாணிக்கச் சிவப்பே. கையில் ஏற்றும்போது இது உடல் முழுதும் பரவி முடியை உதிர்க்கும். அளவு மீறினால் இதயத் தசையையே நலிவிக்கும். அதனாலன்றோ அதனை ஓரிடத்தில் மட்டும் நிறுத்த மனிதர் இவ்வளவு பாடுபட்டனர்!

செய்முறையைச் சுருங்கச் சொல்கிறேன். நோயாளி விழித்தே இருப்பார். இடுப்பும் தொடையும் கூடும் கவட்டில், அல்லது மணிக்கட்டில், மரத்துப்போக ஊசி போட்டுத் தமனிக்குள் குழாயை நுழைப்பார்கள். பெருந்தமனி வழியே மேலேறி, வயிற்றுத் தமனித்தண்டைக் கண்டு, அதன் கிளையான ஈரல் தமனிக்குள் புகுந்து, அங்கிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்குழாயைக் கட்டிக்கு ஊட்டும் கிளை வரையில் கொண்டு செல்வார்கள். சாயம் செலுத்தியதும் திரையில் புற்று ஒரு கரும்பூப் போல விரியும். எண்ணெயும் மருந்தும் கலந்த குழம்பை மெல்ல மெல்லச் செலுத்துவார்கள். பின்னர் ஜெலட்டின் நுரைத் துணுக்குகளை இட்டு வாயிலை அடைப்பார்கள். ஓரிரு மணி நேரம் ஆகலாம். அதன்பின் சில நாள் காய்ச்சல், வலப்புற விலாவின்கீழ் வலி, குமட்டல். இவை தவறு நேர்ந்ததன் அறிகுறிகள் அல்ல. திசு மடிவதன் விளைவுகள். நான்கு முதல் ஆறு வாரம் சென்று படம் எடுத்துப் பார்த்து, வேண்டுமாயின் மீண்டும் செய்வார்கள்.

இம்முறை வாழ்நாளை நீட்டுகிறதா என்னும் கேள்விக்கு நெடுங்காலம் உறுதியான விடை இல்லை. 2002இல் ஒரே ஆண்டில் இரு நகரங்களிலிருந்து விடை வந்தது. பார்சிலோனாவில் யொவெத் குழுவினர் 903 நோயாளிகளைப் பார்வையிட்டு, அவர்களுள் 112 பேரை மட்டுமே தகுதியுடையவராகக் கொண்டனர். ஈராண்டு முடிவில், மருந்திட்டு அடைத்தவர்களுள் நூற்றுக்கு 63 பேர் உயிரோடிருந்தனர். நோய்க்குறிகளுக்கு மட்டும் மருத்துவம் பெற்றவர்களுள் 27 பேர். ஹாங்காங்கில் லோ குழுவினர் ஏறத்தாழ 80 பேரிடம் செய்த ஆய்வில் அது 31க்கு 11. இரண்டு நகரங்களின் எண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. திசை மட்டும் ஒன்று. ஹாங்காங் நோயாளிகளின் நோய் முற்றியிருந்தது. இவ்வெண்களைச் சொல்லும்போது அந்த 903ஐ மறவாமல் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். எட்டில் ஒருவர்க்கே வாய்த்த மருத்துவத்தின் வெற்றி அது.

இப்போது உழிஞைக்கு வருகிறேன்.

இம்மருத்துவத்தைப் பற்றி நம்மவர் எழுதப் புகுந்தால் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே கோட்டை முற்றுகையைத்தான் முதலில் நினைத்தேன். புற்று என்பது அரண்; தமனி என்பது கூழ் செல்லும் வழி; மருந்து நஞ்சு தோய்ந்த அம்பு; அடைப்பு மதிலை வளைத்தல். முற்றுகையிட்டோரைப் பாடுவது உழிஞை, உள்ளிருந்து காப்போரைப் பாடுவது நொச்சி என்று புறப்பொருள் வெண்பாமாலை பிரிக்கிறது. உவமை கச்சிதமாகப் பொருந்துகிறது. கச்சிதமாகப் பொருந்தும் உவமைகளை நான் ஐயுறுவது வழக்கம். என் மாணவியர் இதை அறிவர்.

ஏனெனில், போர் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வெற்றியும் தோல்வியும் பின்தொடரும். தோற்றவன் கோழை என்றாகிவிடும். "நோயோடு போராடி வீழ்ந்தார்" என்று இரங்கற்பா எழுதுகிறோம். அவர் இன்னும் கொஞ்சம் வீரமாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பொருள்படும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மேலும், இங்கே முற்றுகைக்கு உள்ளாகும் கோட்டை எவருடையது? நோயாளியின் சொந்த உடல். அரணின் உள்ளே இருப்பவனும் அவனே. வெளியே நிற்பவனும் அவனே. உழிஞையும் நொச்சியும் ஒரே தலையில் சூடப்பட்டால் அது போராகுமா?

இதற்கு மாற்றான உவமையை எனக்குக் கற்பித்தவர் என் தாய்மாமன். வெண்ணாற்றுப் பாசனத்தில் ஆறு மா நிலம் வைத்துப் பயிரிட்டவர். கள்ளோ சாராயமோ தொட்டறியாதவர். அவருக்கு ஈரலில் கட்டி என்றதும் ஊரில் முதலில் எழுந்த பேச்சு, "இவர் எப்போ குடிச்சார்?" என்பதே. அவர் உடலில் இருந்தது 'ஹெப்படைட்டிஸ்-பி' என்னும் மஞ்சட்காமாலைக் கிருமி. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றி, நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓசையின்றித் தங்கி, ஈரலை நார்நாராகச் சுருங்கச் செய்து, இறுதியில் புற்றை விளைவிக்கும் ஆற்றலுடையது அது. இக்கிருமியைக் கண்டறிந்ததற்காக புளும்பெர்க் என்னும் அமெரிக்கர் 1976இல் நோபல் பரிசு பெற்றார். தைவான் நாடு 1984இல் பச்சிளங் குழந்தைகளுக்கு இதன் தடுப்பூசியைத் தொடங்கியது. அங்கே குழந்தைகளின் கல்லீரல் புற்றுக் குறைந்தது. நம் நாட்டின் எல்லா மாநிலங்களிலும் குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணையில் அது இடம்பெற 2011 ஆயிற்று. என் மாமாவோ 1950களில் பிறந்தவர். குடி மட்டுமே ஈரலைக் கெடுக்கும் என்னும் ஊர்ப்பேச்சு, நோயைவிட அவரை வருத்தியது. நோய்க்கு வெட்கம் ஏன் என்று இங்கே நான் நீட்டி முழக்கலாம். வேண்டாம், அவர் ஆறு மாதம் கோயில் திருவிழாவுக்கும் போகாமல் இருந்தார் என்பது போதும்.

மருத்துவமனையில் ஒப்புதல் படிவம் தந்தார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்குத் தேவையில்லை. மூன்று பக்கம், முழுதும் ஆங்கிலம். மாமா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "ஏம்மா, நீயும் டாக்டருதானே, இதுல என்ன எழுதியிருக்கு?"

அறையில் இருந்தோர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு அவரிடம் புற்று என்று சொல்ல விருப்பமில்லை. 'கட்டி' என்ற அளவில் நிறுத்திவிடுமாறு என்னைக் கண்ணால் கெஞ்சினார்கள். அத்தைக்கு வேறு கலக்கம். "அடைப்பு வந்தாத்தான் ஆஞ்சியோ பண்ணி எடுப்பாங்க. இவங்க ஆஞ்சியோ பண்ணி அடைப்பு வைக்கிறேங்கிறாங்களே?" என்றார். எவ்வளவு நேர்மையான கேள்வி! தமனி அடைப்பு என்றால் மாரடைப்பு, அதாவது சாவு என்றே பழகிய காதில், அடைப்பதே மருந்து என்னும் செய்தி எப்படி ஏறும்? இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் விளக்க முயல்கிறோம்.

நான் படிவத்தின் வாசகங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மருந்தைக் கட்டிக்குப் போகும் குழாயில் விடுவார்கள், பிறகு அந்தக் குழாயை அடைத்துவிடுவார்கள் என்றதும் மாமா கையை உயர்த்தினார். "குருத்துப்பூச்சிக்குக் குருணை மருந்து போடுறாப்பல. வாமடை, வடிமடை ரெண்டையும் அடைச்சிட்டுத்தான் போடணும். இல்லேன்னா மருந்து அடுத்தவன் வயலுக்குப் போயிடும்."

எனக்கு வியப்பு மேலிட்டது. அவர் அதோடு விடவில்லை. "சரி, மடையை அடைச்சா மத்தப் பயிருக்குத் தண்ணி?" என்று கேட்டார். "அதுக்கு வேற வாய்க்கால் இருக்கு மாமா, அது பெரிய வாய்க்கால்" என்றேன். "அப்ப அந்தப் பெரிய வாய்க்கால் தூர்ந்திருந்தா இதைச் செய்ய முடியாதே?" மருத்துவ நூல்கள் சொல்வதும் அதுவே. வாயிற்சிரையின் முதன்மைக் குழாயிலேயே புற்றோ உறைகட்டியோ புகுந்துவிட்டால் இம்மருத்துவம் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. தமனியையும் அடைத்தால் ஈரலுக்குப் பிழைக்க வழியில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், முதுகலை மாணவர்க்குக்கூட எட்டாத நுட்பத்தை மூன்று வினாக்களில் தொட்டுவிட்டார். பிறகு தம் பிள்ளைகளைப் பார்த்து, "புத்துன்னு சொல்லிட்டுப் போங்களேண்டா, எனக்கு என்ன வயசு இருபதா?" என்றார். கையெழுத்தும் இட்டார்.

வயல் உவமை முழுதும் பொருந்துமா எனில், பொருந்தாது. உழவர் வடிமடையையும் அடைப்பர். மருத்துவரோ குருதி வெளியேறும் சிரையைத் தொடுவதில்லை, உள்வரும் வழியை மட்டுமே அடைக்கின்றனர். உள்ளே நீர் தள்ளாதபோது தேங்கியது மெல்லவே நகரும், அவ்வளவே. ஆனால் இவ்வுவமையில் பகைவன் இல்லை. வயல் அவருடையது, பயிரும் அவருடையது, பூச்சி விழுந்திருக்கிறது, மருந்திட வேண்டியிருக்கிறது, சில ஆண்டு விளையும், சில ஆண்டு விளையாது. விளையாத ஆண்டில் உழவனைத் தோற்றவன் என்று எவரும் சொல்வதில்லை.

அவையில் தொல்காப்பியம் கற்றோர் இருக்கிறீர்கள். உழிஞையைத் தொல்காப்பியர் எந்த அகத்திணைக்குப் புறனாக வைத்தார்? மருதத்திற்கு. வயலும் வயல் சார்ந்த நிலமும் ஆகிய மருதம். உரையாசிரியர்கள் இதற்குக் கூறும் காரணங்களை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். முற்றுகையைக் கண்ட நானும் மடையைக் கண்ட என் மாமாவும் ஒரே திணையின் புறத்திலும் அகத்திலும் நின்றிருந்தோம் என்பது ஊர் திரும்பும் பேருந்தில்தான் எனக்கு உறைத்தது.

இம்மருத்துவத்தின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் நோயை வேரறுப்பதன்று; காலத்தை வாங்கித் தருவது. மாற்று ஈரலுக்குக் காத்திருப்போர்க்குக் கட்டி மேலும் வளராமல் நிறுத்திவைக்கவும் உதவுகிறது. அடைத்த இடத்தில் உயிர்வளி குன்றும்போது, புற்று புதிய குருதிக்குழாய்களைத் தருவிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. அடைத்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் கள்ள வாய்க்கால் வெட்டுவது போல. ஆகவேதான் அவ்வழியைத் தடுக்கும் மருந்துகளையும் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளையும் இதனோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். 2024இல் அறிவிக்கப்பட்ட ஓர் ஆய்வில், இவ்வாறு இரு மருந்துகளைச் சேர்த்தபோது நோய் முற்றாமல் நின்ற காலத்தின் இடைநிலை அளவு 8.2 மாதத்திலிருந்து 15 மாதமாகக் கூடியது.

மற்றொரு வழக்கும் தீர்ந்தபாடில்லை. அடைப்பதுதான் வேலை செய்கிறதா, மருந்தா? எண்ணெய்க்கு மாற்றாக, மருந்தைத் தன்னுள் ஏற்றி மெல்ல மெல்ல விடுவிக்கும் நுண்மணிகள் 2000களில் வந்தன. நியூயார்க்கில் 101 நோயாளிகளுக்கு, ஒரு சாராருக்கு மருந்தேற்றிய மணியும் மறுசாராருக்கு வெறும் மணியும் இட்டுப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். கட்டி சுருங்கியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏட்ரியாட்டிக் கடலும் மாணிக்கக் கல்லும் பெயரில் மின்னும் அம்மருந்து, இவ்விடத்தில் எவ்வளவு பங்காற்றுகிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஒரு மருத்துவம் பயன் தருவது தெரிந்தும், அதன் எந்தப் பகுதி பயன் தருகிறது என்பதில் அறிவியலார் வெளிப்படையாக வழக்காடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பதிப்பாசிரியர்களின் பாடவேறுபாட்டுச் சண்டைகளை அது நினைவூட்டுகிறது.

யாருக்குச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதே இதில் கடினமான கலை. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவன் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதிச் செய்யுமாறு மருத்துவனுக்கு அறிவுறுத்துகிறது. 1999இல் பார்சிலோனா மருத்துவர் வகுத்த நிலைப்பகுப்பு, கட்டியின் பரப்பு, ஈரலின் எஞ்சிய ஆற்றல், நோயாளி எழுந்து நடமாடும் வலிமை ஆகியவற்றைச் சேர்த்து எடைபோடுகிறது. "அன்றே சொன்னான் வள்ளுவன்" என்று நான் கைதட்டல் வாங்க விரும்பவில்லை. வள்ளுவர்க்கு வாயிற்சிரை தெரியாது. ஆனால் நோயை மட்டும் அளந்து நோயாளியை அளக்காமல் விடுவது எக்காலத்துக்கும் உரிய சறுக்கல் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் மாமாவுக்கு இருமுறை செய்தார்கள். முதன்முறை கட்டி நன்கு சுருங்கியது. மூன்றாம் முறைக்கு நாள் குறித்திருந்த வேளையில் கண்ணில் மஞ்சள் கண்டது; வயிற்றில் நீர் கோத்தது. மருத்துவர் இளைஞர்; படம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, "இனிச் செய்தால் கட்டியைவிட ஈரல் முதலில் போய்விடும்" என்று அவரிடமே நேராகச் சொன்னார். மாமா சற்று நேரம் பேசாதிருந்து, "பெரிய வாய்க்காலும் போச்சா?" என்றார். இளைஞருக்கு விளங்கவில்லை, நான் விளக்கினேன். முதல் மருத்துவத்திற்குப் பின் இருபத்தாறு மாதம் இருந்தார் மாமா. அதில் இரண்டு சம்பா அறுவடை. திருவிழாவுக்கும் வந்தார்.

கவிஞர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் சொற்களைப் பற்றியது. இம்மருத்துவத்திற்கு இன்று வழங்குவது ஆங்கிலத்தின் நான்கு முதலெழுத்துகள், 'டேஸ்' என்கிறார்கள். 'தமனிவழி வேதியடைப்பு' என்று நேர்பெயர்ப்புச் செய்யலாம். நோயாளியின் மனைவி அச்சொல்லைக் கேட்டு என்ன அறிவார்? 'அடைப்பு' என்பது என் அத்தையைப் போன்றோரை அஞ்சச் செய்யும். 'மடையடைப்பு' என்று சொல்லிப் பார்க்கிறேன். வயலறியாத நகரத்து இளையோர்க்கு மடை எது என்று தெரியுமா என்று என் கல்லூரியிலேயே ஒருவர் மறுத்தார். நியாயமான மறுப்பு. 'மருந்துத் தேக்கம்' என்றார் இன்னொருவர். கேட்டால் மருந்துக்கடையில் சரக்கு விற்காமல் கிடப்பது போல் இருக்கிறது. புற்று, கரையான் எழுப்பும் மண்மேட்டின் பெயர். கிரேக்கர் நண்டின் பெயரை வைத்தார்கள்; நாம் புற்றை வைத்தோம். அந்தப் பெயரை எவரோ ஒருவர் ஒருநாள் முதன்முதலாகச் சொல்லியிருப்பார். அத்தகைய ஒருவர் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

நோயாளிக்கும் உடனிருப்பவர்க்கும் என்று, என்ன செய்வார்கள், எவ்வளவு நேரம் ஆகும், பின்னர் என்ன வலி வரும், எந்நிலையில் உடனே மருத்துவரிடம் திரும்ப வேண்டும், எப்போது வேண்டாம் என்று சொல்லலாம் என்பனவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதியிருக்கிறேன். பொருட்பிழை நேராதிருக்க மருத்துவர் இருவர் படித்துப் பார்த்துவிட்டார்கள். நாற்பது படிகள் வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறேன். உணவு இடைவேளையில் எடுத்துக்கொள்ளுங்கள். இடறும் சொல் எதுவாயினும் பென்சிலால் அடித்து, மேலே உங்கள் சொல்லை எழுதி, மாலை அமர்வு முடியுமுன் என்னிடம் திருப்பித் தாருங்கள்.